அந்தச் செவ்வாய்க்கிழமை சென்னைக்கு மட்டும் உரியதன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், முதல் உலகப் போரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையைச் சுட்டது பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். ஆண்டுதோறும் செப்டம்பர் பிறந்தால் ஏதாவது ஒரு தாளில் இந்தக் கட்டுரை வந்துவிடுகிறது. அதே கப்பல் படம், அதே உயர் நீதிமன்றச் சுவர்க் கல்வெட்டு, 'எம்டன்' என்ற சொல் நம் வீட்டுப் பேச்சில் எப்படி நுழைந்தது என்று இரண்டு பத்தி. அந்தச் சொல்லைப் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள், நான் அதைத் தொடப் போவதில்லை. கட்டுரையின் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. முதல் உலகப் போர் இந்தியாவைத் தொட்டது அந்த அரை மணி நேரம் மட்டும்தான், மற்றபடி அது எங்கோ தொலைவில் நடந்த வெள்ளைக்காரர் சண்டை என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார்.

அந்த அரை மணி நேரத்தை மட்டும் தனியே வெட்டி எடுத்துச் சொன்னால் அது ஒரு வேடிக்கைக் கதையாகிவிடுகிறது. எங்கிருந்தோ ஒரு கப்பல் வந்தது, சுட்டது, போய்விட்டது, ஊர் பயந்து ஓடியது. ஏன் வந்தது, ஏன் எண்ணெய்த் தொட்டியைப் பார்த்துச் சுட்டது, சுட்டுவிட்டு ஏன் ஊர் திரும்பவில்லை என்ற கேள்விகளுக்கு அந்தக் கதையில் பதில் இல்லை. பதில் அதே நாளில் வேறு கடல்களில் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. அந்த ஒரு நாளை முழுதாக வைத்துப் பார்த்தால் சென்னையும் விளங்கும், நம் புதுச்சேரியும் உள்ளே வரும்.

அந்த நாளில் தந்தி வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதலில் படிந்த பழக்கம் நேரம் பார்ப்பது. ஒவ்வொரு படிவத்திலும் புறப்பட்ட ஊர், சொற்களின் எண்ணிக்கை, கொடுத்த நேரம், நாங்கள் வாங்கிய நேரம் எல்லாம் இருக்க வேண்டியிருந்தது. நேரம் எழுதாத தந்தி எங்களுக்குத் தந்தியே அல்ல. அந்தப் பழக்கத்தில் அன்றைய நிகழ்ச்சிகளையெல்லாம் இந்திய நேரத்துக்கு மாற்றி ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். நடுப்பகலில் தொடங்கி நள்ளிரவை நெருங்கும் வரை ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன.

நம் கடிகாரத்தில் பகல் பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம். ஹாலந்துக் கரைக்கு அப்பால் வடகடலில் அப்போது காலை 6.20. அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி என்று மூன்று பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மெதுவாக ரோந்து போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றில் இருந்தவர்களில் பெரும்பாலோர் குடும்பம் குட்டியோடு வீட்டிலிருந்து திரும்ப அழைக்கப்பட்ட பழைய கடற்படையினர். கூடவே, படிப்பை முடிக்காமலே அனுப்பப்பட்ட கடற்படைப் பள்ளிப் பையன்கள். காவலுக்கு வர வேண்டிய சிறு கப்பல்கள் புயல் காரணமாகத் துறைமுகம் திரும்பியிருந்தன. முதல் டார்பிடோ அபூகிரைத் தாக்கியது. கண்ணிவெடியில் மோதிவிட்டோம் என்று எண்ணிய அதன் தலைவர் மற்ற இரண்டு கப்பல்களையும் உதவிக்கு வரும்படி சைகை கொடுத்தார். அவையும் வந்தன. நின்றன. தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்கப் படகுகளை இறக்கின. ஓட்டோ வெட்டிகன் என்ற ஜெர்மன் அதிகாரியின் யு-9 நீர்மூழ்கிக் கப்பலுக்கு அதைவிட எளிய இலக்கு கிடைத்திருக்காது. முதலில் ஹோக், பிறகு கிரெஸ்ஸி. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் மூன்றும் கடலுக்குள் போய்விட்டன. இறந்தவர்கள் 1,459 பேர். பிழைத்தவர்கள் 837 பேர்.

அந்த 837 பேரில் ஒருவனுக்கு வயது 15. அபூகிர் சாய்ந்ததும் கடலில் குதித்து ஹோக்குக்கு நீந்திப் போனான். அவனை மேலே ஏற்றும் நேரத்தில் ஹோக் அடிபட்டது. மறுபடி நீந்திக் கிரெஸ்ஸிக்குப் போனான். அதுவும் போயிற்று. ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதந்தவனை டச்சுக்காரர் படகு ஒன்று தூக்கியது. ஒரே காலையில் மூன்று கப்பல் மூழ்கக் கண்டு உயிரோடு வந்தவன் அவன். இந்தச் சேதத்துக்குப் பிறகு, நீர்மூழ்கிகள் உலவும் கடலில் பெரிய கப்பல்கள் எதுவும் பிறரைக் காப்பாற்ற நிற்கக் கூடாது என்று பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை உத்தரவு போட்டது. அந்த உத்தரவைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. சைகை கேட்டு ஓடி வந்ததால்தானே இரண்டு கப்பல் போயின என்று அவர்கள் கணக்குப் போட்டதில் தவறும் காண முடியவில்லை.

அன்று காலையிலேயே பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரிலிருந்து நான்கு பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மனிக்குள் பறந்தன. கொலோன், டசல்டார்ஃப் ஊர்களில் இருந்த ஆகாயக் கப்பல் கொட்டகைகளைக் குண்டு போட்டு அழிப்பது திட்டம். மூடுபனியில் மூன்று விமானங்கள் வழி தெரியாமல் திரும்பின. ஒன்று மட்டும் டசல்டார்ஃப் சேர்ந்து குண்டு போட்டது, பெரிய சேதம் இல்லை. ஜெர்மன் மண்ணின் மேல் பிரிட்டன் நடத்திய முதல் விமானத் தாக்குதல் அதுதான். பின்னால் வந்த போர்களில் விமானங்கள் ஊர் ஊராக எரித்ததை நினைத்தால், இந்தக் கோணல்மாணலான தொடக்கத்தை யாரும் அன்று பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள்.

தரையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதற்கே தனிப் பக்கம் வேண்டும். பிரான்சில் 'ஏன்' (Aisne) என்ற பெயருடைய ஆற்றின் கரையில் இரு தரப்பும் பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்துவிட்டன. ஒருவரையொருவர் வடக்குப் பக்கமாகச் சுற்றி வளைக்கும் முயற்சியில் பிக்கார்டி என்ற பிரெஞ்சு வட்டாரத்தில் புதிய சண்டை அன்றுதான் தொடங்கியது. செர்பிய எல்லையில் மாச்கோவ் கமென் என்ற மலையுச்சிக்காக நான்கு நாள் நடந்த கொடிய சண்டையின் கடைசி நாள் அது. சீனக் கரையில் ஜெர்மானியர் வசம் இருந்த சிங்தாவ் துறைமுகத்தை ஜப்பானியர் முற்றுகையிட்டுக்கொண்டிருந்தார்கள். பஞ்சாபியரும் பட்டாணியரும் கூர்க்காக்களுமாக நம் இந்தியப் படையின் முதல் பகுதி, செப்டம்பர் 26-ல் மார்செய் துறைமுகத்தில் இறங்குவதற்காக மத்தியதரைக் கடலில் போய்க்கொண்டிருந்தது. இந்தியாவை அரை மணி நேரம் மட்டும் தொட்ட போர் என்கிறாரே கட்டுரையாளர், அந்தக் கப்பல்களில் இருந்தவர்கள் எந்த நாட்டுக்காரர்கள்?

சிங்தாவ் என்ற பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எம்டனின் சொந்தத் துறைமுகம் அதுதான்.

இனி நம் கரைக்கு வருவோம். இரவு ஒன்பதரை மணி சுமார். புரட்டாசி மாதம். பழைய கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மகாளய அமாவாசை கழிந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கிறது. நவராத்திரி தொடங்கிவிட்டது. மெல்லிய பிறையும் அந்திக்குப் பிறகு மறைந்துவிட்ட கும்மிருட்டு. துறைமுக விளக்குகள் எல்லாம் வழக்கம்போல எரிகின்றன. கலங்கரை விளக்கமோ அந்தக் காலத்தில் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியிலேயே இருந்தது. எம்டனின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் தம் கப்பலைக் கரையிலிருந்து சுமார் 3,000 கஜ தூரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தி, தேடுவிளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிபார்த்தார். சுமார் 130 குண்டுகள். இரண்டு தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற வணிகக் கப்பல் அடிபட்டது. குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். கரைப் பீரங்கிகள் ஒன்பது முறை பதில் சுட்டன, ஒன்றும் கப்பல்மேல் படவில்லை. பத்து மணிக்குள் எம்டன் இருட்டில் கலந்துவிட்டது.

அடுத்த நாளிலிருந்து சென்னை காலியாகத் தொடங்கியது. ஆயிரக்கணக்கானவர்கள் ஊரை விட்டுப் போனார்கள் என்பது எல்லாக் கட்டுரையிலும் வரும். எங்கே போனார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. ஒரு பங்கு எங்கள் பக்கம் வந்தது. ராயபுரத்தில் இருந்த எங்கள் சொந்தக்காரர்கள் மூட்டை முடிச்சோடு திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியதைப் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். குண்டுக்குப் பயந்து வந்தவர்கள் குண்டைப் பற்றிப் பேசவில்லையாம். வைத்த கொலுவை எடுக்காமல், படியில் பொம்மைகள் அப்படியே இருக்க, வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிட்டோமே, விளக்கேற்ற ஆளில்லையே என்றுதான் அந்த வீட்டுப் பெரியம்மா ஓயாமல் புலம்பினாராம். சரஸ்வதி பூஜைக்குள் திரும்பிப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார். ஆண்கள் விடவில்லை. எங்கள் பாட்டி இதைச் சொல்லும்போது சிரிப்பார். எனக்கு என்னவோ அந்தப் பெரியம்மாவின் கவலைதான் நியாயமாகப் படுகிறது.

ஏன் சென்னை, ஏன் எண்ணெய்த் தொட்டி? எம்டன் அப்போது வீடற்ற கப்பல். சிங்தாவ் முற்றுகையில் இருந்தது. ஃபான் ஸ்பே என்ற தளபதியின் கீழ் இருந்த ஜெர்மன் கிழக்காசியக் கப்பல் அணி ஆகஸ்டு மாத நடுவில் பசிபிக் கடலின் பாகன் தீவில் கூடிப் பேசி, தென்னமெரிக்காவை நோக்கிப் போவதென்று முடிவு செய்தது. முல்லர் மட்டும் தனியே இந்தியப் பெருங்கடலுக்குப் போக அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு பிரிந்தார். திரும்பிப் போக இடமில்லை, பழுது பார்க்க இடமில்லை. கூடவே வந்த மார்கோமானியா என்ற நிலக்கரிக் கப்பலும், பிடிபடும் கப்பல்களில் இருக்கும் கரியுமே அதற்கு ஆகாரம். செப்டம்பர் 10-லிருந்து வங்காள விரிகுடாவில் ஒன்றன்பின் ஒன்றாகக் கப்பல்களைப் பிடித்தது. அதற்குள் நம் கடலில் வணிகமே நின்றுபோகும் அளவுக்கு ஆகிவிட்டது. ஒரு சிறிய கப்பலால் பெரிய நாட்டின் படையைத் தோற்கடிக்க முடியாது. ஆனால் கல்கத்தாவிலும் ரங்கூனிலும் சென்னையிலும் கப்பல் முதலாளிகளை நடுங்க வைக்க முடியும், இந்திய மக்கள் முன்னால் ஆங்கிலேயரின் மதிப்பைக் குறைக்க முடியும். தொலைவிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி எரிவது எண்ணெய். அதனால்தான் அந்தத் தொட்டிகள்.

இதில் தங்கள் தொழிலுக்கும் ஒரு பங்குண்டு, ஆசிரியர் அவர்களே. பிடிபட்ட கப்பல்களில் கிடைத்த கல்கத்தா நாளிதழ்களில் எந்தக் கப்பல் என்று புறப்படுகிறது, எங்கே போகிறது என்ற விவரமெல்லாம் வழக்கம்போல அச்சாகியிருந்தது. எம்டன் அதிகாரிகள் அதை உட்கார்ந்து படித்தார்கள். ஒற்றருக்குச் செலவே இல்லை.

இப்போது என் தாளில் அடுத்த வரி. எம்டன் சென்னையை விட்டு விலகிய அதே நேரத்தில், நம் கடிகாரத்தில் இரவு பத்து, பத்தரை. பசிபிக் கடலின் நடுவே தாகித்தித் தீவில் அப்போதுதான் பொழுது விடிகிறது. அங்கே அது செப்டம்பர் 22-ஆம் தேதியின் காலை. தீவின் தலைநகரான பப்பேத்தே பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த ஊர். கடல் பக்கம் இரண்டு பெரிய கப்பல்கள் வருவதைக் கரையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசெனாவ். எம்டனை வழியனுப்பி வைத்த அதே ஃபான் ஸ்பேயின் கப்பல்கள்.

அவர்களுக்கு வேண்டியது பப்பேத்தே அல்ல, அங்கே குவித்து வைத்திருந்த நிலக்கரி. ஊரைக் காக்க இருந்தது மிகச் சிறிய படை. அதன் தலைவர் தெத்ரெமோ தம் ஸெலே என்ற சிறு போர்க்கப்பலின் பீரங்கிகளை முன்கூட்டியே கழற்றிக் கரையில் ஏற்றி வைத்திருந்தார். ஜெர்மன் கப்பல்களை அடையாளம் கண்டதும் கரிக்குவியலுக்குத் தீ வைக்கச் சொன்னார். துறைமுகத்துக்குள் வழி காட்டும் குறிகளை அழித்தார். ஸெலேயையும் தாமே மூழ்கடித்தார். கரி எரிகிறது, உள்ளே நுழைந்தால் கண்ணிவெடி இருக்கலாம், வழிக்குறி இல்லை. ஃபான் ஸ்பே வெளியே நின்றே குண்டு பொழிந்தார். சந்தையும் அதைச் சுற்றியிருந்த தெருக்களும் அழிந்தன. பொதுமக்களில் இரண்டு பேர் இறந்தார்கள். கடைசியில் ஒரு கூடை கரிகூடக் கிடைக்காமல், திரும்பக் கிடைக்காத குண்டுகளைச் செலவழித்துவிட்டு ஜெர்மானியர் போனார்கள். ஊரைக் காப்பாற்றிய தெத்ரெமோவுக்குப் பாராட்டு கிடைத்திருக்கும் என்று நினைப்பீர்கள். ஆளுநரோடு தகராறாகி, குற்றச்சாட்டோடு பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். 1915-ல் இறந்தும் போனார். மரியாதை அதற்குப் பிறகுதான் வந்தது.

பப்பேத்தேயில் கம்பியில்லாத் தந்தியும் இல்லை, கடலடிக் கம்பியும் இல்லை. நகரம் எரிந்த செய்தி வெளியுலகுக்குப் போகப் பல நாள் ஆயிற்று. சென்னையின் செய்தியோ அன்றிரவே கம்பியில் ஓடியது. நம் கடிகாரப்படி இரண்டு ஊரும் எரிந்தது ஒரே இரவு. ஒன்று உடனே உலகச் செய்தி ஆயிற்று, மற்றது ஊமையாய்க் கிடந்தது. தந்தி ஆபீசில் இருந்தவளுக்கு இந்த வித்தியாசம் கண்ணை உறுத்துகிறது.

புதுச்சேரி வாசகர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். அதே நாளில் பப்பேத்தே எப்படி பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்ததோ அப்படித்தான் புதுச்சேரியும் இருந்தது. ஜெர்மனிக்குச் சென்னை எவ்வளவு பகையோ அவ்வளவு பகை புதுச்சேரியும். சென்னைக்காவது கோட்டை இருந்தது, கரைப் பீரங்கி இருந்தது. 1814 உடன்படிக்கையின்படி இந்தியாவில் உள்ள பிரெஞ்சு ஊர்களில் கோட்டை கட்டக் கூடாது, காவலுக்கு வேண்டிய அளவுக்கு மேல் படை வைக்கக் கூடாது. அப்படி நூறாண்டாக வெறுங்கையோடு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஊர் அது. 1866-ல் கட்டிய இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டிருந்தது. 1836-லிருந்து எரியும் கலங்கரை விளக்கம் இருந்தது. பாரதியும் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் அன்று அந்த ஊரில்தான் அடைக்கலமாக இருந்தார்கள். சென்னையை முடித்துக்கொண்டு எம்டன் தெற்கே இலங்கைப் பக்கம்தான் போயிற்று, 25-ஆம் தேதியிலிருந்து அங்கே மறுபடி கப்பல்களைப் பிடித்தது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் நடுவில் நாம்தான் இருக்கிறோம். நம் இரண்டு ஊரிலும் குண்டு விழவில்லை. எண்ணெய்த் தொட்டி இல்லாததும், கரிக்குவியல் இல்லாததும், முல்லருக்கு அவசரம் இருந்ததும் நம் பாக்கியம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

புதுச்சேரி அப்படியே தப்பிவிடவும் இல்லை. அங்கிருந்து பிரெஞ்சுப் படைக்குப் போனவர்களில் திரும்பாதவர்களுக்காகத்தான் கடற்கரைச் சாலையில் 1938-ல் நினைவுச் சின்னம் திறந்து வைத்தார்கள். ஜூலை 14-ல் அதற்கு விளக்கு போடுகிறார்கள், சொல்தா என்று ஊரார் சொல்லும் பிரெஞ்சுப் படைவீரர் குடும்பத்துப் பெரியவர்கள் பதக்கம் அணிந்து வந்து நிற்கிறார்கள். மற்ற நாட்களில் அதன் படிக்கட்டருகே நின்று படம் எடுத்துக்கொள்பவர்களில் எத்தனை பேருக்கு அது எந்தப் போருக்கானது என்று தெரியும்? தங்கள் கட்டுரையில் அந்தச் சின்னத்துக்கு ஒரு வரிகூட இல்லை, அதே இணைப்பில் அடுத்த பக்கத்தில் புதுச்சேரிச் சுற்றுலா விளம்பரத்தில் அதன் படம் மட்டும் இருக்கிறது.

கட்டுரையில் இன்னொன்று. செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்தார், சென்னையைச் சுட வழி காட்டினார் என்று உறுதியாக எழுதியிருக்கிறார். அவர்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் 1914 செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்துக்கொண்டிருந்தார், பிறகு பெர்லினுக்குப் போனார். எம்டனோ போர் தொடங்கும் முன்பே கிழக்காசியாவில் இருந்த கப்பல், ஐரோப்பாப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சூரிச்சில் இருந்தவர் வங்காள விரிகுடாவில் எப்படி ஏறியிருப்பார்? ஒரு மனிதரின் உண்மையான உழைப்பு போதாதென்று இப்படிக் கதை கட்டி ஏற்றுவது அவருக்கு நாம் செய்கிற மரியாதை அல்ல.

கடலூர்க்காரி என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. உலகப் போர் என்றால் என்ன என்று எங்கள் ஊர் 1914-க்கு முன்பே பார்த்துவிட்டது. அமெரிக்கா இங்கிலாந்திடமிருந்து பிரிவதற்காக நடந்த போரில் பிரான்சும் சேர்ந்துகொண்டதால், அந்தச் சண்டை அட்லாண்டிக்கைத் தாண்டி எங்கள் வாசலுக்கு வந்தது. 1783 ஜூன் 13-ல் கடலூரில் தரையில் சண்டை. ஜூன் 20-ல் கரைக்கு அப்பால் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனும் பிரிட்டிஷ் தளபதி ஹ்யூஸும் தங்கள் கப்பல்களை வைத்துக்கொண்டு மோதினார்கள். 25-ல் மறுபடி தரையில். இதில் கொடுமை, பிரிட்டனும் பிரான்சும் அதே ஆண்டு ஜனவரி 20-லேயே சமாதான முன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டன. செய்தி கப்பலில் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்து சேர ஐந்து மாதம் ஆயிற்று. ஜூன் கடைசியில் அது வந்து சேர்ந்த பிறகுதான் சண்டை நின்றது. முடிந்துபோன போரில் செத்தவர்கள் அவர்கள். இந்த ஊர்த் தந்தி மேசையில் வேலை பார்த்த நாட்களில் அவர்களை நான் பலமுறை நினைத்ததுண்டு. அந்த ஐந்து மாதம் எங்களுக்கு ஐந்து நிமிட வேலையாக இருந்தது.

அதே காரணத்தால்தான் எம்டனின் முடிவைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் வரும். அக்டோபர் 28-ல் பினாங்குத் துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்த அந்தக் கப்பல், நவம்பர் 9-ல் இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்கப் போனது. பீரங்கியோ துப்பாக்கியோ அங்கிருந்தவர்களைக் காக்கவில்லை. நிலையத்து ஊழியர்கள் கப்பலைக் கண்டதும், ஜெர்மானியர் கரையிறங்கும் முன்பே, அறிமுகம் இல்லாத கப்பல் வந்திருக்கிறது, எம்டன் இங்கே என்று கம்பியில்லாத் தந்தியில் தட்டிவிட்டார்கள். அருகே படைக்கப்பல்களுக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் அதைக் கேட்டு வந்து எம்டனை அடித்து நொறுக்கியது. இறந்த ஜெர்மன் மாலுமிகள் 130 பேருக்கு மேல். பிடிக்க வந்தவர்களிடம், கம்பத்தை வெட்டுவதானால் எங்கள் டென்னிஸ் மைதானத்தின் மேல் விழாமல் வெட்டுங்கள் என்று ஊழியர்கள் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். தந்திக்காரர்கள் அப்படித்தான்.

செப்டம்பர் 22-ல் வென்றவர்களும் நெடுநாள் இருக்கவில்லை. பப்பேத்தேயைச் சுட்ட இரண்டு கப்பல்களும் டிசம்பர் 8-ல் ஃபாக்லாந்துத் தீவுக்கு அருகே மூழ்கின. ஃபான் ஸ்பேயும் போனார், ஷார்ன்ஹோர்ஸ்டில் இருந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. வெட்டிகன் 1915 மார்ச்சில் வேறொரு நீர்மூழ்கியோடு கடலடியில் போனார். எம்டன் மாலுமிகளில் பிடிபட்ட சிலர் சிங்கப்பூரில் காவலில் இருந்தபோது, 1915 பிப்ரவரியில் அங்கே இந்தியச் சிப்பாய்களின் கலகமே வெடித்தது. அதைப் பற்றியும் நம் தாள்கள் எழுதிப் பார்த்ததில்லை.

நான் கேட்பது இதுதான். வரும் செப்டம்பர் 22-ல் பழைய கட்டுரையை மறுபடி போடாதீர்கள். ஒரு முழுப் பக்கம் எடுத்து, மேலே ஓர் உலகப் படம் வரைந்து, அந்த ஒரு நாளை இந்திய நேரப்படி பகல் பன்னிரண்டிலிருந்து இரவு பன்னிரண்டு வரை போடுங்கள். வடகடல், டசல்டார்ஃப், பிக்கார்டி, செர்பிய மலை, சிங்தாவ், மத்தியதரைக் கடலில் போகும் நம் ஆட்கள், சென்னை, பப்பேத்தே. சென்னைக்கு நடுவில் பெரிய கட்டம் கொடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை, நாம் இந்தக் கரைக்காரர்கள். ஆனால் அதை அந்தப் படத்தின் நடுவில் கொடுங்கள், தனியே கத்தரித்துக் கொடுக்காதீர்கள். புதுச்சேரிப் பதிப்பில் நினைவுச் சின்னத்தின் படம் ஒன்றும் சேர்த்தால் நல்லது. பள்ளிக்கூடச் சுவரில் ஒட்ட ஆசிரியர்கள் கேட்பார்கள், என் பேத்தியின் வகுப்பில் கட்டாயம் ஒட்டுவார்கள். நேரங்களை மாற்றி எழுதிய என் தாளின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். தங்கள் ஆட்கள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளட்டும், பப்பேத்தே நேரத்தில் மட்டும் கவனம், அது நமக்குப் பின்னால் பதினைந்தரை மணி நேரம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தந்தி ஊழியை,
கடலூர் முதுநகர்.

பின்குறிப்பு: கட்டுரைக்கு ஓவியர் வரைந்த படத்தில் எம்டனுக்கு நான்கு புகைபோக்கிகள். நிஜத்தில் மூன்றுதான். நான்காவது, ஆங்கிலேயக் கப்பல் என்று நம்ப வைப்பதற்காக முல்லர் துணியும் மரச்சட்டமும் கொண்டு கட்டி வைத்த போலி. அதிலிருந்து புகை வருவதாக வரைந்திருக்கிறீர்கள். அடுத்த முறை நான்கு போட வேண்டுமென்றால் போடுங்கள், புகையை மட்டும் மூன்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.